இடையில் விட்ட ஆண்டுகள்



விண்ணப்பம் எழுதுவதைப் பற்றி வானொலியில் பேசுவதற்கு என்ன இருக்கிறது என்று நீங்கள் எண்ணக்கூடும். கடிதம் எழுதும் பயிற்சியில் பள்ளியிலேயே படித்து முடித்த பாடம் அன்றோ அது? ஆனால் இன்று நான் பேச எடுத்துக்கொண்டது உங்களுடைய விண்ணப்பம் அன்று. உங்கள் வீட்டில் இருக்கும் ஒருவருடைய விண்ணப்பம். ஒரு காலத்தில் வேலை பார்த்து, பிறகு குழந்தைக்காகவோ முதியவருக்காகவோ வேலையை விட்டுப் பல ஆண்டுகள் வீட்டில் இருந்துவிட்டு, இப்போது மீண்டும் வெளியே செல்ல விரும்பும் தாயோ, அக்காளோ, அத்தையோ எழுத வேண்டிய விண்ணப்பம். அதைத் தட்டச்சு செய்து தரப்போகிறவர்கள் பெரும்பாலும் நீங்கள்தாம். ஆகவே உங்களிடம் சொல்கிறேன்.

2024-ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் ஒரு நாள் மாலை, என்னிடம் பத்தாம் வகுப்பில் படித்த மாணவி ஒருத்தி என் வீட்டிற்கு வந்தாள். உடன் அவளுடைய மகனும் வந்திருந்தான். பிளஸ் ஒன் படிக்கிற பையன். “ஐயா, ஒரு பயோடேட்டா எழுதியிருக்கிறேன். பிழை இருந்தால் திருத்தித் தாருங்கள்” என்று சொல்லி இரண்டு தாள்களை நீட்டினாள். படித்துப் பார்த்தேன். தந்தை பெயர், கணவர் பெயர், பிறந்த தேதி, மதம், உயரம், தாய்மொழி, தெரிந்த மொழிகள் என்று முதல் தாள் நிறைந்திருந்தது. இரண்டாம் தாளில் பி.காம். பட்டம். அதன்கீழ் ஒரு நூற்பாலையின் கணக்குப் பிரிவில் 2008 முதல் 2012 வரை வேலை. அதற்கும் கீழே, 2012 முதல் 2024 வரை என்பதற்கு நேரே ‘இல்லத்தரசி’ என்ற ஒரே சொல். அவ்வளவுதான்.

“இந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் என்ன செய்தாய் அம்மா?” என்று கேட்டேன். அவள் வாய் திறப்பதற்கு முன்னே பையன் பதில் சொன்னான்: “அம்மா வீட்டில் சும்மாதான் ஐயா இருந்தார்கள்.”

அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவளும் மறுத்துப் பேசவில்லை, தலையை ஆட்டினாள். அவள் ஒப்புக்கொண்டதுதான் எனக்கு உறுத்தியது.

பையனைக் குறை சொல்லும் தகுதி எனக்கு இருந்ததா என்று கேட்டால், இல்லை என்றே சொல்ல வேண்டும். 2009-ஆம் ஆண்டில் நான் தலைமையாசிரியனாக இருந்தபோது கணித ஆசிரியர் இடம் ஒன்று நடு ஆண்டில் காலியாயிற்று. பெற்றோர் ஆசிரியர் கழகத்தின் வழியாகத் தற்காலிகமாக ஒருவரை அமர்த்திக்கொள்ள விண்ணப்பங்கள் வந்தன. பதினான்கு இருந்தன என்று நினைவு. அவற்றுள் ஒரு பெண்மணி பி.எட். முடித்தவர், ஆனால் ஒன்பது ஆண்டுகள் எங்கும் வேலை பார்க்கவில்லை. ‘கணிதம் மறந்திருக்கும்’ என்று சொல்லி அந்தத் தாளை ஒரு நிமிடத்தில் ஒதுக்கி வைத்தேன். படிப்பை அப்போதுதான் முடித்திருந்த இளைஞர் ஒருவரைத் தேர்ந்தெடுத்தோம். மூன்று மாதத்தில் அவருக்கு வேறிடத்தில் நல்ல வேலை கிடைத்துப் போய்விட்டார். அது அவர் தவறன்று. அவ்வாண்டு பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் பொதுத்தேர்வுக்கு முந்திய வாரங்களில் கணித ஆசிரியர் இன்றித் தவித்தார்கள். அந்தப் பெண்மணியின் முகவரியைத் தேடினேன், தாள் கிடைக்கவில்லை.

இந்த நினைவோடுதான் என் பழைய மாணவியின் இரண்டு தாள்களையும் மேசைமீது வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

முதலில் பெயரைப் பார்ப்போம். இத்தகைய தாளைச் சிலர் கரிக்குலம் வீட்டே என்பர். அந்த இலத்தீன் தொடருக்கு வாழ்க்கையின் ஓட்டம் என்று பொருள். சிலர் ரெசூமே என்பர்; அந்தப் பிரெஞ்சுச் சொல்லுக்குச் சுருக்கிச் சொல்லப்பட்டது என்று பொருள். ஓடிய ஓட்டம் முழுவதையும் எழுதுவது ஒன்று; படிப்பவருக்கு வேண்டியதை மட்டும் எடுத்துச் சுருக்கிக் கொடுப்பது மற்றொன்று. ஒரு துறையிலிருந்து வேறொரு துறைக்குப் போகிறவருக்கு உதவுவது இரண்டாவதே.

இதற்கு ஒரு பழைய சான்று உண்டு. ஓவியராகப் பெயர் பெற்ற லியொனார்டோ டாவின்சி, 1482-ஆம் ஆண்டளவில் மிலான் நகரை ஆண்ட லுடோவிகோ ஸ்ஃபோர்சாவுக்கு வேலை கேட்டு ஒரு கடிதம் வரைந்தார். நாம் என்ன எதிர்பார்ப்போம்? தாம் தீட்டிய படங்களை வரிசையாகச் சொல்லியிருப்பார் என்போம். அவர் அவ்வாறு செய்யவில்லை. எளிதில் எடுத்துச் செல்லக்கூடிய பாலங்கள், பீரங்கிகள், மூடிய போர் வண்டிகள், முற்றுகையின்போது அகழி நீரை வெளியேற்றும் முறை என்று தம்மால் செய்யக்கூடியவற்றை எண் இட்டு எழுதினார். ஓவியம் கடைசியில்தான் வந்தது. போரில் ஈடுபட்டிருந்த ஆட்சியாளருக்கு முதலில் வேண்டியது படம் அன்று என்பதை அவர் அறிந்திருந்தார். ‘நான் யார்’ என்பதைவிட ‘உமக்கு நான் என்ன செய்ய முடியும்’ என்பதே அக்கடிதத்தில் முன்னே நின்றது.

“நீ எங்கே வேலை தேடுகிறாய்?” என்று கேட்டேன். மீண்டும் ஓர் ஆலையின் கணக்குப் பிரிவுக்குத்தான் போகப்போகிறாள் என்று எண்ணியிருந்தேன். அவள் விவரமாகப் பேசினாள். அவள் வேலையை விட்டபோது இருந்த வரிமுறை இப்போது இல்லை. 2017 ஜூலை முதல் தேதியிலிருந்து சரக்கு மற்றும் சேவை வரி வந்து கணக்கு வேலையின் போக்கே மாறிவிட்டது. அதில் பல ஆண்டுப் பழக்கம் உள்ள இளைஞர்களோடு தன்னால் போட்டியிட இயலாது. ஆனால் மருத்துவமனைகளில் காப்பீட்டுப் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. நோயாளிகளின் காப்பீட்டு அட்டையைச் சரிபார்ப்பது, முன் அனுமதி கோருவது, ரசீதுகளையும் மருத்துவரின் குறிப்புகளையும் கோத்து அனுப்புவது, குறை சொல்லித் திரும்பி வந்தவற்றிற்கு விளக்கம் எழுதுவது ஆகியவை அங்கே நடக்கும் வேலைகள். “அந்த வேலை எனக்கு வரும் என்று தோன்றுகிறது ஐயா” என்றாள். “ஏன் தோன்றுகிறது?” என்றேன். அதற்கு அவள் சொன்ன விடையில்தான் பன்னிரண்டு ஆண்டுகளும் இருந்தன.

அவளுடைய மாமனார் ஓய்வூதியம் பெற்றவர். 2016-இல் பக்கவாதம் வந்து படுத்தார், 2021-இல் காலமானார். ஐந்து ஆண்டுகள் அவருக்கு மருந்து கொடுத்ததும், மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றதும், காப்பீட்டுப் பணத்திற்கு எழுதியதும் இவள்தான். ஏழு முறை விண்ணப்பித்திருக்கிறாள். இரண்டு முறை மறுக்கப்பட்டது. மறுத்ததற்குக் காரணம் கேட்டு எழுதி, விடுபட்ட தாள்களைச் சேர்த்து அனுப்பி, அவ்விரண்டிற்கும் பணம் பெற்றிருக்கிறாள். இதைக் கேள்விப்பட்ட அண்டை வீட்டார், 2012-இல் தொடங்கிய முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டையைப் பெறுவதற்கு இவளிடம் வந்தார்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் என்று ஒழுங்குபடுத்திக் கொடுத்து, பதினொரு குடும்பங்களுக்கு அட்டை கிடைக்க உதவியிருக்கிறாள். இவை போதாவென்று, தெருவில் இயங்கும் மகளிர் சுய உதவிக் குழுவின் கணக்கையும் 2018 முதல் எழுதி வருகிறாள். பதினைந்து உறுப்பினர்கள், மாதந்தோறும் சேமிப்பு, வங்கிக் கடன், தவணை.

பையன் இவற்றையெல்லாம் முதன்முறையாகக் கேட்பவன் போல உட்கார்ந்திருந்தான். ஒரே வீட்டில் வாழ்ந்தவன்!

ஒரு வீட்டில் மட்டும் உள்ள செய்தி அன்று இது. மத்திய அரசின் புள்ளியியல் துறை 2024-இல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், ஊதியமில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் ஒரு நாளைக்கு அதில் செலவிடுவது 289 நிமிடம் என்றும், ஆண்கள் செலவிடுவது 88 நிமிடம் என்றும் கண்டிருக்கிறார்கள். ஆண்களில் பலர் அந்த வேலையில் ஈடுபடுவதே இல்லை என்பது வேறு. 289 நிமிடம் என்பது ஐந்து மணி நேரத்திற்குப் பதினொரு நிமிடமே குறைவு. அதற்கு நாம் சூட்டியிருக்கும் பெயர் ‘சும்மா’.

மறுநாள் அவள் மூன்று பொருள்களைக் கொண்டுவந்தாள். மருந்து எழுதிய நோட்டு, காப்பீட்டுக் கடிதங்கள் கோத்த கோப்பு, குழுவின் பேரேடு. அந்த மருந்து நோட்டை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். தேதி, வேளை, மருந்தின் பெயர், அளவு, இரத்த அழுத்தம், சர்க்கரை என்று கட்டம் கட்டி எழுதியிருந்தாள். ஆலையில் சரக்கு இருப்பு எழுதிய கைதானே!

எழுதத் தொடங்கினோம். பையன் ஊக்கம் கொண்டு, “அம்மாவை ‘இல்லத்தின் தலைமை நிர்வாகி’ என்று போடலாமா ஐயா? அப்படித்தான் போடச் சொல்கிறார்கள்” என்றான். யார் சொல்கிறார்கள் என்று நான் கேட்கவில்லை. கூடாது என்று சொன்னேன். இல்லாத பதவிப் பெயர் ஒன்றைச் சூட்டினால், படிக்கிறவர் முதலில் சிரிப்பார். பிறகு மற்ற வரிகளையும் ஐயத்தோடு பார்ப்பார். செய்த வேலை பெரிது. அதற்குப் பெரிய பெயர் தேவையில்லை. எண்ணும் ஆண்டும் வினைச்சொல்லும் இருந்தால் போதும்.

ஆங்கிலத்தில் நாங்கள் எழுதியதைத் தமிழில் சொல்கிறேன். ‘2012–2024: குடும்பப் பொறுப்பு காரணமாக முழுநேர வேலையில் இல்லை’ என்பது ஒரு வரி. மறைக்கவும் இல்லை, மன்னிப்புக் கேட்கவும் இல்லை. அதன்கீழ், ‘2016–2021: பக்கவாத நோயாளி ஒருவருக்கான மருந்துப் பதிவேட்டையும் மருத்துவக் காப்பீட்டுக் கடிதங்களையும் கவனித்தேன், ஏழு கோரிக்கைகள் அனுப்பி, மறுக்கப்பட்ட இரண்டையும் மீண்டும் எழுதி ஏற்கச் செய்தேன்’ என்று ஒரு வரி. ‘பதினொரு குடும்பங்களுக்கு அரசுக் காப்பீட்டு அட்டை பெறுவதற்கான சான்றுகளைத் திரட்டிக் கொடுத்தேன்’ என்று ஒன்று. ‘2018 முதல் பதினைந்து உறுப்பினர் கொண்ட குழுவின் கணக்கை எழுதி வருகிறேன்’ என்று ஒன்று. இவற்றுள் மிகைப்படுத்தியது ஒரு சொல்லும் இல்லை. எதைப் பற்றிக் கேட்டாலும் எடுத்துக் காட்ட ஒரு நோட்டு இருந்தது.

இவற்றை எந்த வரிசையில் வைப்பது என்பதில் எனக்கும் சற்றுத் தயக்கம் இருந்தது. ஆண்டுகளைச் சொல்லாமல் திறமைகளை மட்டும் வகைப்படுத்தி எழுதும் முறை ஒன்று உண்டு. இடைவெளி உள்ளவர்களுக்கு அதுவே ஏற்றது என்று பலர் பரிந்துரைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. தேதியில்லாத தாளைக் கண்டால், தேதியைத்தான் தேடத் தோன்றும். விண்ணப்பங்களைப் படித்த பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். ஆகவே மேலே திறமைகளையும் அவற்றிற்குச் சான்றுகளையும் வைத்து, கீழே ஆண்டுகளையும் அண்மையிலிருந்து பின்னோக்கி எழுதினோம். தலைப்பின்கீழ் இரண்டே வரியில், எந்த வேலைக்கு, என்ன தகுதியோடு வருகிறாள் என்று சொன்னோம். இரண்டு தாள் ஒரு தாள் ஆயிற்று. மதம், உயரம், கணவர் பெயர் எல்லாம் போயின. அரசு வேலைக்கான படிவம் என்றால் அதில் கேட்டவற்றையெல்லாம் நிரப்பத்தான் வேண்டும். தனியார் நிறுவனத்திற்கு நாமே எழுதும் தாளில் அவற்றிற்கு இடமில்லை.

தலையெழுத்துச் சிக்கல் ஒன்று எழுந்தது. அவளுடைய பட்டச் சான்றிதழில் தந்தையின் தலையெழுத்து. ஆதாரில் கணவருடைய தலையெழுத்து. நம் நாட்டில் எத்தனையோ பெண்களுக்கு இருக்கும் தொல்லை இது. சான்றிதழ் சரிபார்க்கும் அன்றைக்குத்தான் பலர் விழித்துக்கொள்கிறார்கள். சான்றிதழில் உள்ளபடியே பெயரை எழுதி, திருமணப் பதிவுச் சான்றின் நகலைக் கையில் வைத்துக்கொள்ளச் சொன்னேன். அவள் வேலை பார்த்த ஆலையோ மூடப்பட்டுவிட்டது. அனுபவச் சான்று வாங்க வழியில்லை. பழைய பெட்டியைத் துழாவியதில் வேலை நியமன ஆணையும் வருங்கால வைப்புநிதியின் ஆண்டுக் கணக்குச் சீட்டுகளும் அகப்பட்டன. நான்கு ஆண்டு வேலைக்கு அவை சாட்சி. மாணவிகளே, நீங்கள் வேலைக்குப் போய்ச் சேரும் காலத்தில், விடும் நாளிலேயே அனுபவச் சான்றைக் கேட்டு வாங்கிவிடுங்கள். பன்னிரண்டு ஆண்டு கழித்துக் கேட்க அந்த நிறுவனம் இருக்குமோ இராதோ!

ஒரு நாள் அவள் மனம் தளர்ந்து, “முப்பத்தெட்டு வயதில் என்னை யார் ஐயா எடுப்பார்கள்?” என்றாள். ஆசிரியப் பயிற்சி பெற்ற நாளில் நான் கேட்டறிந்த வரலாறு ஒன்றை அவளுக்குச் சொன்னேன். இளமையிலேயே கணவனை இழந்த சகோதரி சுப்புலட்சுமி, 1911-இல் சென்னை மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டு, தம்மைப் போன்ற இளம் விதவைகளுக்காகச் சென்னையில் ஓர் இல்லம் தொடங்கினார். வீட்டின் பின்கட்டிலேயே காலம் தள்ளியிருக்க வேண்டிய பெண்கள் அங்கே தங்கிப் படித்தார்கள். ஆசிரியைகளாகவும் வெளியே வந்தார்கள். முன் அனுபவம் என்ற இடத்தில் எழுத அவர்களிடம் என்ன இருந்திருக்கும்? அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். ஆறுதல் பெற்றாள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வாரமே, மாலை நேரத்தில் நடக்கும் மூன்று மாதக் கணினிப் பயிற்சி ஒன்றில் சேர்ந்தாள். விண்ணப்பத்தில் ‘தற்போது பயின்று வருகிறேன்’ என்று ஒரு வரி கூடிற்று. அண்மைக் காலத்தில் எதையேனும் கற்றதற்கான அடையாளம் ஒன்றாவது தாளில் இருந்தால், ‘மறந்திருக்கும்’ என்று என்னைப் போன்றவர்கள் சொல்வதற்கு அது விடையாகும்.

பையனுக்கும் வேலை இருந்தது. பெரிய நிறுவனங்கள் பலவற்றில் விண்ணப்பங்களை முதலில் படிப்பது மனிதர் அன்று, கணினி நிரல்தான். விளம்பரத்தில் உள்ள சொற்கள் விண்ணப்பத்தில் இருக்கின்றனவா என்று அது தேடும். ஆகவே ஒவ்வொரு விளம்பரத்தையும் படித்து, அவர்கள் ‘முன் அனுமதி’ என்று எழுதியிருந்தால் அதே சொல்லை நாமும் எழுதியிருக்கிறோமா என்று பார்க்கச் சொன்னேன். தெரியாத வேலையை எழுதக் கூடாது, தெரிந்த வேலையை அவர்கள் பெயரால் எழுத வேண்டும். ஒரே தாளை எல்லோருக்கும் அனுப்பும் பழக்கத்தை விட்டு, ஒவ்வொரு மருத்துவமனைக்கும் சிறிது மாற்றி அனுப்பினார்கள். கட்டங்களும் படங்களும் இல்லாத எளிய அமைப்பே நல்லது. அவள் வைத்திருந்த மின்னஞ்சல் முகவரி பையன் ஏழாம் வகுப்பில் விளையாட்டாக உண்டாக்கியது. அதைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். புதிதாக ஒன்று, பெயரை மட்டும் கொண்டு, உண்டாக்கச் செய்தேன்.

நான்கு மருத்துவமனைகளுக்கு அனுப்பினாள். இரண்டிலிருந்து பதிலே இல்லை. மூன்றாவது, வயதைக் காட்டி மறுத்தது. நான்காவது அழைத்தது. நேர்காணலில் என்ன கேட்பார்கள் என்று நாங்கள் ஒத்திகை பார்த்திருந்தோம். ‘இத்தனை ஆண்டு ஏன் வேலை பார்க்கவில்லை?’ என்ற கேள்விக்கு ஒரே வாக்கியம்: ‘வீட்டில் குழந்தையும் நோயாளியும் இருந்தார்கள், இப்போது அந்தப் பொறுப்பு முடிந்தது.’ அதற்குமேல் விளக்கம் வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். ஆனால் அந்தக் கேள்வி வரவேயில்லையாம். காப்பீட்டுப் பிரிவின் பொறுப்பாளரான அம்மையார், “மறுக்கப்பட்ட இரண்டு கோரிக்கைகளை ஏற்கச் செய்ததாக எழுதியிருக்கிறீர்களே, அதைச் சொல்லுங்கள்” என்று தொடங்கினாராம். இவள் கோப்பை எடுத்து வைத்தாளாம். அரைமணி நேரம் அதைப் பற்றியே பேச்சு. மூன்று மாதத் தகுதிகாண் பருவத்திற்கு எடுத்துக்கொண்டார்கள். ஊதியம் அவள் எதிர்பார்த்ததைவிடக் குறைவு. ஆலையில் கடைசியாக வாங்கியதைவிடச் சற்றே கூடுதல், பன்னிரண்டு ஆண்டு விலைவாசியை எண்ணினால் அதுவும் இல்லை. அவள் ஏற்றுக்கொண்டாள். பொங்கலுக்கு முன்பு வேலை உறுதியாயிற்று.

செய்தி சொல்ல வந்தபோது, பழைய இரண்டு தாள்களையும் என்னிடமே விட்டுச் சென்றாள். அவை என் மேசை இழுப்பறையில் இருக்கின்றன. அவற்றைப் பார்க்கும்போதெல்லாம் 2009-ஆம் ஆண்டு விண்ணப்பித்த அந்தக் கணித ஆசிரியை நினைவுக்கு வருகிறார். அந்த ஒன்பது ஆண்டுகளைப் பற்றித் தம் தாளில் அவர் ஏதேனும் எழுதியிருந்தாரா என்று எண்ணிப் பார்க்கிறேன். தெருப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்ததை எழுதியிருக்கலாம். எழுதாமலும் இருந்திருக்கலாம். நான் அந்த வரி வரையில் படிக்கவில்லை.